ஓரத்தில் நான்கு விரல்கள்

மாலை நான்கு மணிக்கு அந்தப் பழைய வீட்டின் அழைப்பு மணியை அழுத்தியபோது, ஐந்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றுதான் அவள் கணக்குப் போட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. ரசிகர்கள் 'இடி' என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ராக் கிட்டார் கலைஞன் செத்து ஒன்பது வருடம். அவன் வரைந்ததாகச் சொல்லி வரும் ஓவியங்களில் அசல் எது, போலி எது என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. சோதனையும் அவள் கண்டுபிடித்ததுதான். சாயம் காயும் முன்பே ஓவியத்தை இடக்கையால் தூக்கிப் பார்ப்பது இடியின் பழக்கம். கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்த்த விரல்கள். ஓரத்தில் பதிந்த ரேகைகளின் குறுக்கே கம்பிக் கோடு இருந்தால் அசல். இல்லையென்றால் போலி.

போலி என்றால், கொடுத்தவர் கண்ணெதிரிலேயே கத்தியால் கிழித்துவிட வேண்டும். இடியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளையின் விதி அது. இதுவரை பதினொன்று கிழித்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கை நடுங்கியதில்லை.

கதவைத் திறந்தது இடியின் அக்கா. முதியோர் இல்லத்துக்குப் போவதற்குள் தம்பியின் ஓவியத்தை அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டுமாம். அவர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு பரீட்சையும் பாஸானதில்லைம்மா அவன். செத்தப்புறம் எழுத வைக்கிறீங்க," என்று சிரித்தபடியே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

உள் அறையில் ஓவியம் மேஜைமேல் சாய்ந்திருந்தது. கருநீல அறை, காலி நாற்காலி. அவ்வளவுதான். மூலையில் இடியின் பழைய ஆம்ப்ளிஃபையர். பிளக் தரையில் தூசி படிந்து கிடந்தது.

ஜன்னலைச் சாத்தி, புறஊதா விளக்கைப் போட்டாள். எண்ணெய்ச் சாயத்தின் வாசனை குப்பென்று ஏறியது. ஒன்பது வருட ஓவியத்தில் பச்சைச் சாய வாசனையா?

இடது ஓரத்தில் நான்கு விரல் தடங்கள். லென்ஸை வைத்தாள். வழவழவென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

கத்தியை எடுத்தாள். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. கோடுதான் கணக்கு என்று இவள் விளக்கியதும், அந்த அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அவன் கடைசி ஒன்றரை வருஷம் கிட்டாரையே தொடலைம்மா. கை உதறும். மேடையில திரைக்குப் பின்னால வேற ஆள் வாசிச்சான். காய்ப்பெல்லாம் உதிர்ந்து, குழந்தை விரல் மாதிரி ஆயிடுச்சு. அவன் பேர் கெட்டுடக் கூடாதுன்னு யார்கிட்டயும் வாய் திறக்கலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

பூதக்கண்ணாடி கத்தியைத் தாழ்த்தினாள். "அப்போ எத்தனை வரைஞ்சாரு?"

"பன்னெண்டு. பார்த்துக்கிட்ட நர்ஸு, டிரைவருன்னு பதினொண்ணை வாரிக் கொடுத்துட்டான். இது எனக்கு."

பதினொன்று.

கிழிக்கும்போது ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது.

இது அசல் என்றால் அந்தப் பதினொன்றும் அசல். அவளுடைய பெயர், இந்தத் தொழிலில் போட்ட பதினைந்து வருட உழைப்பு எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போய்விடும். கோடு ஏன் இல்லை என்று தெரிந்தவள் இந்தக் கிழவி ஒருத்திதான்.

"மன்னிச்சிருங்கக்கா," என்றாள். "இது போலி."

ம்ம்ம்ம்ம்...

மூலையிலிருந்து வந்தது. வாசிப்பவன் கம்பியைத் தொடும் முன் ஆம்ப்ளிஃபையர் விடும் உறுமல்.

பிளக் தரையில்தான் கிடந்தது.

ஓவியத்தை அசையாமல் நிறுத்த இடக்கையால் ஓரத்தைப் பிடித்தாள். நான்கு விரலும் அந்த நான்கு தடங்களில் கச்சிதமாக உட்கார்ந்தன.

சாயம் ஈரமாக இருந்தது.

துணிக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று அவள் விரல்களைத் திருப்பி அழுத்தியது.

கண்ணை மூடிக்கொண்டு கிழித்தாள். உறுமல் பட்டென்று நின்றது.

அக்கா கத்தவில்லை. கிழிந்த துணியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இத்தனை நாள் இதுலதாம்மா இருந்தான். இனி எங்க போவானோ."

வெளியே இன்னும் நல்ல வெயில். காரில் ஏறி உட்கார்ந்து, அலுவலகத்துக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தாள். இடது ஆள்காட்டி விரலை வைத்தாள். 'ரேகை பொருந்தவில்லை' என்றது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

பொருந்தவில்லை.

பையிலிருந்து லென்ஸை எடுத்து விரலருகே கொண்டுபோனாள்.

வாழ்நாளில் ஒரு கம்பியைக்கூடத் தொடாத அவள் விரல் நுனிகள் நான்கும் காய்த்துக் கெட்டிப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஆழமாக ஒரு கோடு.

பதினொரு ஓவியங்களில் தேடிக் கிடைக்காத கோடு.

லென்ஸ் மடியில் விழுந்தது. அணைத்திருந்த கார் ரேடியோ மெல்ல உறுமத் தொடங்கியது. ஸ்டீயரிங்கின் மேல், இடக்கை விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி, அழுத்தி, எழுந்தன.

அவள் மடக்கவில்லை.