கூடுதல் கட்டில்

ரிசார்ட்டின் ஆறாம் அறையில் விருந்தினர் கேட்டுப் போட்ட கூடுதல் கட்டிலில் படுக்க யாரும் இல்லை. ஆனால் காலையில் விரிப்பு நனைந்திருந்தது.

அறைகளைக் கவனிக்கும், ஒரு கால் குட்டையான மந்திரமூர்த்தி அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நொண்டியபடி வந்தான். கம்பெனி அனுப்பும் மல்லிகை வாசனைத் தெளிப்பையும் மீறி, வாழைத்தோட்டத்தில் வெள்ளம் வடிந்த மறுநாள் எழும் சேற்று நாற்றம் விரிப்பிலிருந்து கிளம்பிக் கூடமெங்கும் மெல்லப் பரவி, பிரம்மநாயகியின் தொண்டைக்குள் இறங்கியது.

"ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா ரெண்டு கட்டிலு?"

"கேட்டா குடுக்கணும்லா. அவருதான் ஆடிட்டுக்கு வந்தவரா இருக்கும்."

"வந்தவரு குளிச்சா துவட்டவே மாட்டாரு போல." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "வாச்மேன் சுடலையாண்டி அண்ணாச்சிய ராத்திரிலேருந்து காணும்க்கா."

ரிசார்ட்டின் பெயர் மட்டும் ஓட்டல் கம்பெனியுடையது. இடமும் கட்டடமும் பிரம்மநாயகியுடையவை. கணவன் இறந்தபின், பாளையங்கோட்டை வீட்டை விற்று ஆற்றங்கரையில் கட்டியது. தரச் சோதனையில் ஒருமுறை தோற்றாயிற்று. அடுத்த முறை விருந்தினர்போல் சொல்லாமல் வருவார்கள். மறுபடி தோற்றால் பெயர்ப்பலகை இறங்கும். அவளுக்கும் மகள் வேணிக்கும் வேறு எதுவும் இல்லை.

கம்பெனி விதிப்படி விருந்தினரிடம் முடியாது என்று சொல்லக் கூடாது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுக்க வேண்டும். "கண்டிப்பா, உடனே செய்றோம்." அம்மா தூக்கத்திலும் இதைத்தான் சொல்கிறாள் என்று வேணி கேலி செய்வாள்.

மதியம் ஆறாம் அறையிலிருந்து போன் வந்தது. இன்னொரு கட்டில்.

"கண்டிப்பா, உடனே செய்றோம்."

கட்டிலைப் போடப் போன மந்திரமூர்த்தி அன்று வீடு போய்ச் சேரவில்லை. அவன் செருப்பு ஆற்றுப்படியில் கிடந்தது. போலீசுக்குச் சொன்னால் வாசலில் ஜீப் நிற்கும். ஆடிட்டுக்கு வந்தவர் பார்ப்பார். அவள் சொல்லவில்லை.

மறுநாள் விரிப்பு மாற்ற அவளே போனாள். விருந்தினர் முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியடியில் நீர் தேங்கியிருந்தது. இரண்டு கூடுதல் கட்டில்களிலும் ஆள் படுத்த பள்ளம், ஈரமாக. இரண்டாவது பள்ளத்தில் ஒரு கால் குட்டையாக இருந்தது.

அவள் விரிப்பை மாற்றினாள். கம்பெனி சொன்னபடி மூலைகளை மடித்துச் செருகினாள். இழுத்துப் பார்த்தாள். மடிப்பு கலையவில்லை.

மாலையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சோதனையாளர் போன வாரமே வந்து தங்கிவிட்டுப் போய்விட்டாராம். தேர்ச்சி. வாழ்த்துகள்.

போன வாரம். ஆறாம் அறைக்காரர் வந்ததோ முந்தாநாள்.

போன் அடித்தது. ஆறாம் அறை. இரண்டாவது மணியிலேயே கை எடுத்துவிட்டது.

"பிள்ளைக்கு ஒரு சின்னக் கட்டில் போடுங்க."

"கண்டிப்பா, உடனே செய்றோம்."

வாய்தான் சொன்னது.

வாசலுக்கு ஓடினாள். பள்ளி வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார் டிரைவர் அசன் முகம்மது.

"வேணி எங்க?"

"பிள்ள அப்பமே எறங்கி உள்ள போயிட்டுல்லாம்மா."

உள்ளே. நடை. நடையெல்லாம் ஈரம். ஆறாம் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலி காலி.

மூன்று கூடுதல் கட்டில்கள்.

மூன்றாவதை யாரும் போடவில்லை. சின்னது. மூலைகள் ஒழுங்காகச் செருகியிருந்தன. விரிப்பின் நடுவே சிறு பள்ளம். அதில் நீர் ஊறிக்கொண்டிருந்தது.

தலையணையில் ரெட்டைச் சடையின் தடம்.