இருபதாவது ஆள்

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த, மூச்சை அளக்கும் கருவியின் ஏழு வாய்க்குழாய்களில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் என்றால் பேசாமல் துடைத்து வைத்திருப்பாள். இது நூலாக இழுபட்டது. ரப்பரின் உள்பக்கம் பொடிப்பொடியாக நுரை, ஓரத்தில் பற்கள் அழுந்திய தடம், கையுறையைத் தாண்டி விரலுக்கு வந்த இளஞ்சூடு. யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மாலை மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆய்வகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. கையைத் தள்ளி நீட்டியபடி அதைக் கழுவும் தொட்டியில் போட்டாள்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களையும் அளந்து அளந்து நடக்கவைத்துத் தேற்றுகிற படிப்பு அவளுடையது. நாளைக் காலை ஏழரைக்கு மருத்துவமனையில் முதல் போஸ்டிங். படிப்பில் கெட்டிதான். ஒரே ஒரு சங்கடம், அது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அடுத்தவர் உடம்பு அவளுக்கு ஆகாது. வியர்வை, எச்சில், மார்பு முடியோடு உரிந்துவரும் ஒட்டுப்பட்டை, எதைக் கண்டாலும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். "நான் குடிச்ச டம்ளரயே ரெண்டு விரலால தூக்குறவ, நீ நோயாளியத் தொட்டுட்டாலும்" என்று அக்கா நக்கலடிப்பாள்.

போஸ்டிங் போக வேண்டுமானால் இருபது பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்து, நாடி பிடித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, பாடம் நடத்தும் மேடத்திடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். பத்தொன்பது பேரைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டாள். இன்னொரு வியர்த்த கையைப் பிடிக்க அவளால் முடியவில்லை. நேற்று கட்டிலில் சாய்ந்தபடி இருபதாவது ஆளை அவளே உண்டாக்கினாள். ஆண். வயது அறுபத்திரண்டு. தோல் சில்லிட்டது. வியர்வை மிக அதிகம். நடை முடிவில் நாடி நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. அதற்குக் கீழே ஆறு கட்டங்கள். நடையை நிறுத்தியபின் நிமிடத்துக்கு நிமிடம் நாடி இறங்கிவருவதை எழுதுகிற இடம் அது. தூக்கக் கலக்கத்தில் ஆறிலும் அதே நூற்று நாற்பத்தெட்டைப் போட்டுத் தொலைத்திருந்தாள். முதலாண்டு மாணவிகூடச் செய்யாத தப்பு. மேடம் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். மதியம்தான் அவள் கண்ணில் பட்டது. இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று மூடிவைத்துவிட்டாள்.

தடுப்புக்கு அந்தப்பக்கம் டிரெட்மில் ஓடத் தொடங்கியது. பட்டையின் ஹூம் என்ற இரைச்சல், அதன்மேல் செருப்பில்லாத கால்கள் ஒரே சீராக விழுந்து எழும் சளக் சளக், அதோடு சேர்ந்து கதவிடுக்கு வழியாக வந்த வாடை, நாலு நாள் பைக்குள் சுருட்டிக் கிடந்த ஈரத்துண்டை விரித்தால் வருமே, அந்தப் புளித்த வாடை.

வாசலில் சாவிக்கொத்து வந்து நின்றார். ஆய்வகத்தைத் திறந்து பூட்டுகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது.

"இன்னும் கிளம்பலையாம்மா?"

"கிளம்பிட்டேண்ணே. உள்ள யாரு நடக்கறது?"

"உன் பேஷண்டுதாம்மா. அறுபத்திரண்டு வயசாம். நோட்டுல உன் பேர் போட்டிருக்குன்னாரு, உள்ள அனுப்பிச்சேன்."

"நான் யாரையும் வரச் சொல்லலையே."

"அது உங்க பாடு. பல்ஸ் இறங்குறதுக்கு முன்னாடி ஆள விட்டுட்டுப் போயிடாத, மேடத்துகிட்ட டோஸ் வாங்குறது நான்தான்."

அது அங்கே சட்டம். நாடி இறங்கும்வரை நடந்தவரின் மணிக்கட்டை விடக்கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். சாவிச் சத்தம் மாடிப்படி இறங்கிப் போனது. வகுப்புப் பிள்ளைகள் யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கதவைத் தள்ளினாள்.

வெற்றுமுதுகோடு ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தார். தலைமேல் துவாலை. முதுகிலிருந்து வியர்வை ஓடையாக இறங்கி, முழங்கையில் தேங்கி, கொழகொழவென்று பட்டையில் சொட்டியது. பட்டை அதைச் சுவரில் தெளித்தது. அவள் உதட்டிலும் ஒரு துளி பட்டது. உப்பு. வாயை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கரித்தது.

டிரெட்மில் நின்றது. அவர் இறங்கி, தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"பிடிம்மா. முடிஞ்சிடுச்சு."

மணிக்கட்டைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. கையுறைக்குள் வியர்வை புகுந்து விரலெல்லாம் நனைந்தது.

"அதக் கழட்டிடும்மா. வழுக்குது பாரு."

கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று தெரியவில்லை. வெறும் விரல்கள். ஊறிப்போன சோப்பைப் போல மெத்தென்று அழுந்தியது தோல். எண்ணினாள். நூற்று நாற்பத்தெட்டு.

இரண்டாவது நிமிடம். நூற்று நாற்பத்தெட்டு.

துவாலை முகத்தோடு ஒட்டியிருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடமும். வாய் மட்டும் துணியை உள்ளே இழுத்தது, வெளியே விட்டது. முகத்தைப் பற்றி அவள் நோட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது நிமிடம். நான்காவது.

"இறங்குதாம்மா?" அந்தக் குரலில் கோபமே இல்லை. "நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு."

"இறங்கிடும் ஐயா."

இடது கையால் மேசைமேலிருந்த ரெக்கார்டு நோட்டை இழுத்தாள். இருபதாவது ஆளின் பக்கம். முதல் கட்டம். அடித்துவிட்டு நூற்று முப்பது என்று எழுதினாள். அவர் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. புதிய எண் கரைந்து வழிந்தது. பழையது அப்படியே இருந்தது. மேடத்தின் கையெழுத்தும்.

மறுபடி எழுதினாள். மறுபடி சொட்டு.

ஆறாவது நிமிடம். நூற்று நாற்பத்தெட்டு.

இனிக் கட்டங்கள் இல்லை.

"விட்டுடாதம்மா."

விட்டாள். வரவில்லை.

இழுத்தாள்.

இரண்டு விரல்களும் முதல் கணுவரை அவர் மணிக்கட்டுக்குள் இறங்கியிருந்தன. தோல் விளிம்பு தெரியாமல் அவற்றைச் சுற்றி ஒட்டி மூடியிருந்தது. உள்ளே நகக்கண்ணில், வழவழவென்று, வெதுவெதுப்பாக ஏதோ வந்து வந்து முட்டியது. துவாலை உள்ளே போனது. வெளியே வந்தது. வாந்தியை விழுங்கிக்கொண்டு அவள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.