கன்னத்திலிருந்து எடுத்த நிறம்

பிரிண்டரிலிருந்து வந்த படத்தில் தங்கையின் முகம் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது.

படத்தில் இருந்தது இரண்டே பேர். தோளோடு தோள் ஒட்டி, ஒரே வெயிலில் நின்று எடுத்தது. அக்காவான அவள் முகம் உள்ளபடியே வந்திருந்தது, பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும் வெள்ளையாகவே இருந்தது. தங்கையின் உதட்டில் மட்டும் நீலம். அந்த வாலு பக்கத்து அறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். அங்கே மாட்டிவைக்க இந்தப் படம் வேண்டுமென்று காலையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, முடிஞ்சுதா? என் மூஞ்சியக் கொஞ்சம் நல்லாக் காட்டு."

"இருக்கிறதைத்தான் காட்ட முடியும். பேசாம வேலையப் பாரு."

வெளியே உச்சி வெயில். ஜன்னல் வெளிச்சம் பட்டால் மானிட்டரில் நிறம் ஏமாற்றும் என்று கறுப்புத் துணி தொங்கவிட்டு, சுவருக்கும் சாம்பல் வண்ணம் அடித்திருந்ததால், மையின் காரநெடியும் சூடேறிய இயந்திரத்தின் வாடையும் வெளியேற வழியின்றி நிற்கும் அந்த வேலை அறையில் மட்டும் எப்போதும் பொழுது சாய்ந்தே இருக்கும்.

இந்த நிறத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரரின் குடும்பப் படத்தில் அவர் முகம் மட்டும் இப்படித்தான் வந்தது. மை பழசு என்று சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே அவர் மனைவி வந்து, அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார்.

"இவளைப் போக விட மாட்டேன்," என்றாள் வாய்விட்டு.

நிறம் அளக்கும் கருவியை மானிட்டர்மேல் தொங்கவிட்டாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பார்த்துவிட்டு அது எல்லாம் சரி என்றது. பிரிண்டரின் மைத்துளைகளைச் சுத்தம் செய்தாள். வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாகப் போகும் சோதனைப் பட்டையை அச்சடித்தாள். ஒரு படியிலும் வேறு சாயம் ஏறவில்லை. இயந்திரம் பொய் சொல்லவில்லை.

தங்கையின் முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டினாள். சிவப்பு சேர்த்தாள். மானிட்டரில் தங்கை பளிச்சென்று சிரித்தாள். சர்ர், சர்ர் என்று தாள் நகர்ந்து வந்தது.

முன்னைவிட இருட்டு. கண்கள் உள்வாங்கியிருந்தன.

பக்கத்து அறையில் பாட்டு நின்றிருந்தது.

படத்தோடு ஓடினாள். தங்கை பெட்டிமேல் சாய்ந்திருந்தாள். "ஒண்ணுமில்லக்கா. குளிருது." ஜன்னல் வெயிலில் படத்தைத் தங்கையின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். அச்சு அசலாக ஒரே நிறம். இத்தனை வருடத்தில் இவ்வளவு துல்லியமாக எந்தப் படமும் வந்ததில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியாது.

கூட்டமாக எடுத்த படத்தில் ஒருவர் முகம் வெளுத்துப்போனால், பக்கத்தில் நிற்பவரின் கன்னத்திலிருந்து நிறத்தைத் தொட்டெடுத்துப் பூசுவது அவள் வழக்கம். கொடுத்தவருக்கு ஒன்றும் குறையாது.

வேலை அறைக்குத் திரும்பி, மவுஸின் முனையை மானிட்டரில் தெரிந்த தன் கன்னத்தில் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது.

"என்கிட்டருந்து எடுத்துக்கோ. அவளைத் தொடாத."

எடுத்தாள். பூசினாள். அச்சடித்தாள்.

தங்கையின் உதட்டில் ரத்தம் ஊறிய சிவப்பு.

பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப் இழுபட்டது. பாட்டு. காலடி.

படத்தில் தன் முகம் இருந்த மறுபாதியை அவள் பார்க்கவில்லை. உள்ளங்கையால் மூடினாள். கை தெரிந்தது. நகங்கள். நீலம்.

எழுந்தாள். சுவரில் சாய்ந்தாள்.

கதவு திறந்தது. வெயில். கன்னம் சிவக்கத் தங்கை நின்றாள். அவள் பார்வை நாற்காலிக்குப் போனது. மேசைக்கு. சுவருக்கு. அக்காவின் முகத்தின்மேல் ஊர்ந்து, நிற்காமல் கடந்தது.

"அக்கா? எங்க போன?"

தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சாம்பல் சுவரோடு சுவராக நின்று, ஜெயித்தவளாக அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை.