காணாமல் போகாத புள்ளிகள்

அலறல் முதலில் கேட்டதா, தொலைபேசி முதலில் அடித்ததா?

அப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கே நிச்சயமில்லை. இத்தனை வருடங்களில் சிலவற்றை நானே மாற்றி அடுக்கியிருக்கலாம்.

பிணத்தில் மட்டும் சந்தேகமில்லை.

படிக ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், திரவ நைட்ரஜன் வைக்கும் சின்ன அறையில் கதவோரம் குப்புறக் கிடந்தார். வால்வு முழுக்கத் திறந்திருந்தது. நைட்ரஜன் பரவிய அறையில் மூச்சுவிடக் காற்று மிஞ்சவில்லை.

கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

சாவி ஒருவரிடம்தான் உண்டு. எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். முந்தின நாள்தான் அவர் இயக்குநரோடு எல்லார் காதிலும் விழும்படி சண்டை போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? சாயங்காலத்துக்குள் மெக்கானிக் லாக்கப்பில்.

மெக்கானிக்கின் மனைவிக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை.

படிகத்தின்மேல் எக்ஸ்ரே பட்டால் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறும். ஒவ்வொரு புள்ளியின் பலமும் ஓர் எண்ணாகக் கோப்பில் ஏறும். அந்தக் கோப்பை ஆய்வு மென்பொருளுக்குள் ஏற்றி, எந்த வரிசை என்ன என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். அதில் பிசகினால், மேலே நடக்கும் அத்தனை ஆராய்ச்சியும் குப்பை.

ஆய்வுக்கூடத்து மேதைகள் அவளை டைப்பிஸ்ட் என்றார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் ஒரு கோப்பை ஏற்றத் தெரியாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு மூணு மணிக்கு கோர்ட்டாம். அதுக்கப்புறம் நான் வெளியே வர்றது கஷ்டம்."

 

அவள் ஒன்றுதான் கேட்டாள். "துணை இயக்குநர் எங்க இருந்தாராம்?"

கொலை நடந்தது காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். துணை இயக்குநர் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எக்ஸ்ரே இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவெடுத்தாராம். அளந்த கோப்பைப் போலீஸிடம் கொடுத்திருக்கிறார். அதில் நேரம் பதிந்திருக்கிறது.

"மெஷின் ஓடவே இல்ல" என்றார் கணவர். "தண்ணி பம்ப் ஒழுகுச்சு. முந்தின நாளே நிறுத்திட்டேன். பன்னிரண்டரைக்குத்தான் சரி பண்ணி விட்டேன். சொன்னா சிரிக்கிறாங்க."

சிரிக்காமல்? கைதியின் பேச்சுக்குச் சாட்சி கைதியே.

அவள் நேராக இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போனாள். கோப்பைத் திறந்து காட்டப் பத்து நிமிஷம் வேண்டும் என்றாள். அவருக்கும் அறிக்கையில் எழுத அந்தக் கோப்பைப் பற்றி நாலு வரி தேவைப்பட்டது. கொட்டாவியோடு சம்மதித்தார்.

மறுநாள் காலை பதினொரு மணி. ஆய்வுக்கூடத்தின் கணினி அறை.

வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். அடுத்த இயக்குநரைத் தேர்ந்தெடுக்க. செத்தவரின் நாற்காலியில் சூடு ஆறுவதற்குக்கூட அவர்களுக்குப் பொறுமையில்லை. அந்த நாற்காலிக்கு ஒரே ஆள் துணை இயக்குநர்தான். புதுச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் அளவான துக்கம்.

"சீக்கிரம் ஆகட்டும், டைப்பிஸ்ட் அம்மா. பெரியவங்க காத்திருக்காங்க."

அவள் கோப்பை ஏற்றினாள்.

அதில் இரண்டு வரிசை எண்கள். ஒன்று, இயந்திரம் அளந்தது. மற்றது, இப்படி இருக்க வேண்டும் என்று மென்பொருள் கணக்கிட்டு, ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்தது. எந்த வரிசையை எடுத்துக்கொள்ளட்டும் என்று மென்பொருள் கேட்டது.

அவள் ஒன்றைக் காட்டினாள். சொடுக்கினாள்.

திரையில் ஒரு வரி.

காணாமல் போன புள்ளிகள்: 0.

அவள் கையெடுத்து நிமிர்ந்தாள்.

"மெஷினுக்கு நடுவுல ஒரு ஈயத்துண்டு இருக்கு சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "நேர்க்கதிர் பட்டுக் கருவி கெட்டுடக் கூடாதுன்னு வெச்சது. அதோட நிழல்ல விழுற புள்ளி பதிவாகாது. யார் அளந்தாலும் கொஞ்சம் காணாமப் போயே தீரும்."

"இதுல?"

"ஒண்ணுகூடப் போகல."

"அப்படின்னா?"

"அளக்கவே இல்லைன்னு அர்த்தம். உட்கார்ந்த இடத்துல கணக்குப் போட்டு எண்ணை நிரப்பியிருக்காரு. போலி. சாருக்கு மெஷினை ஆன் பண்ணத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

ஒரு பேராசிரியர் இருமினார். மற்றவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். போலி என்ற சொல் அவர்களுக்குத் தொற்றுநோய். கொலை பரவாயில்லை.

துணை இயக்குநரின் கழுத்து சிவந்தது. டைப்பிஸ்ட்... பேராசிரியர்கள் முன்னால்...

"நீங்க அளந்ததை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார் இருமியவர்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்திலேயே துணை இயக்குநர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். சில பேருக்கு மௌனம் கைவருவதில்லை.

"பார்த்தாங்களாவா? ஆறு மாணவர்கள் சுத்தி நின்னு பார்த்தாங்க! போன செவ்வாய்க்கிழமை முழுக்க மெஷினை விட்டு நான் நகரல. கூப்பிட்டுக் கேளுங்க!"

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"இயக்குநர் செத்தது நேத்து சார்" என்றார்.



"அளந்தது போன செவ்வாய். கோப்புல நேத்துத் தேதி. தேதியை மாத்தினது யாரு? நேத்து காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

 இப்போது அவருக்கு மௌனம் கைவந்திருந்தது. கொஞ்சம் தாமதம்.

அவருடைய அறையைச் சோதித்தார்கள். மேசை இழுப்பறையில், படிகம் வைக்கும் டப்பாவுக்குள் பஞ்சுக்கு அடியில் ஒரு மாற்றுச் சாவி. நைட்ரஜன் அறைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நாற்காலிக்காகத்தான் எல்லாம்.

விலங்கு மாட்டியபோதும் அவர் பேராசிரியர்களைப் பார்த்தே சொன்னார். "கோப்பு உண்மை... நம்புங்க. அது உண்மையான கோப்பு."

"உண்மைதான் சார்" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

கோப்பை மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை மற்ற வரிசையைக் காட்டினாள்.

காணாமல் போன புள்ளிகள்: 312.

"நல்ல கோப்பு. நீங்க அளந்ததுதான். முதல்ல, கணக்குப் போட்ட வரிசையை ஏத்திட்டேன். அதுல எப்பவுமே ஒண்ணும் காணாமப் போகாது."

துணை இயக்குநர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோப்பு ஏத்தத் தெரிஞ்ச யாரும் உடனே கண்டுபிடிச்சிருப்பாங்க சார்" என்றாள். "இந்த ரூம்ல அப்படி நான் மட்டும்தான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் பேராசிரியர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு மெக்கானிக் கோர்ட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார். இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு வந்தது, கொட்டாவி போகவில்லை. பேராசிரியர்கள் அன்று அந்த ஊருக்கே வரவில்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள். அவள் அதே நாற்காலியில் அதே வேலை பார்க்கிறாள். புது இயக்குநர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்.

துணை இயக்குநருக்கு ஆயுள் தண்டனை. படித்தவர் என்று சிறை அலுவலகத்திலேயே வேலை போட்டுக்கொடுத்தார்கள்.

டைப்பிஸ்ட்.