இரண்டாம் விமானி

தைவானின் சின்ச்சூ ஊரில் காற்றுக்கு ஓய்வே கிடையாது. அன்று மத்தியானமும் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. காலைச் சிற்றுண்டிக் கடையைக் கழுவிப் பூட்டிவிட்டு, சோயாபால் வாசனை போகாத கையோடு, யூ-சேன் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு பழைய சினிமாக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே இப்போது படம் ஓடுவதில்லை. பழைய வீடியோ விளையாட்டுகளுக்கென்று கண்காட்சி வைத்திருந்தார்கள்.

புருஷன் மிங்-தாங் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். போன வாரம் பாதம் மரத்தது. இப்போது முட்டி வரைக்கும் ஏறியிருந்தது. வைத்தியர் ஊசியால் குத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

"ஏ கிழவா, திரும்பிடலாமா?"

"அட போடி. இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி என்னை நடிகர்னு சொல்லி அழைச்சிருக்கா. முட்டை ரொட்டி போடத்தான் பொறந்தேன்னு நினைச்சியா?"

முப்பது வயதில் அவன் நடித்தது ஒரே ஒரு சங்கதி. அதுவும் முழுப் படம் இல்லை. 'வெள்ளி அலகு' என்று ஒரு வீடியோ விளையாட்டு. நிஜ மனிதர்கள் நடித்த படம் திரையில் ஓடும். நடுநடுவே ஆடுகிறவன் கைப்பிடியை இடமோ வலமோ மேலோ கீழோ தள்ள வேண்டும், சமயத்தில் சுடவும் வேண்டும். சரியாகத் தள்ளினால் அடுத்த காட்சி. தப்பினால் போர் விமானம் எரிந்து விழும். விழுவது பெரும்பாலும் இரண்டாம் விமானிதான். அது மிங்-தாங்.

கண்காட்சி நடத்தும் ஹ்சின்-பெய் என்ற பெண் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா! நீங்க சாகிற காட்சிதான் இங்க எல்லாருக்கும் உசுரு. யாரும் ஆடலேன்னா மிஷின் தானாவே அதைப் போட்டுக் காட்டும், ஆளை இழுக்க."

"ராத்திரியிலயுமா?" என்றாள் யூ-சேன்.

"பழைய மிஷின் அத்தை. அணைச்சா மறுபடி கிளம்புமோ என்னவோன்னு பயம். போன புதன்கிழமை திறந்ததுலேருந்து அணைக்கவே இல்ல."

போன புதன்கிழமைதான் தோசைக்கல் முன்னால் நின்றவன் "கால் எங்க போச்சு?" என்று கேட்டுச் சிரித்தான். யூ-சேன் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். சீச்சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

கொட்டகைக்குள் ஈரக் கம்பளமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து நாறியது. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு ஆள் ஆடிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் தள்ள வேண்டிய இடத்தில் இடப்பக்கம் தள்ளினான். திரையில் தீ. விமானக் கண்ணாடிக்குப் பின்னால் முப்பது வயது மிங்-தாங், வாயோரம் ரத்தம். கண்கள் மெதுவாக மூடின. படம் அந்த முகத்திலேயே நின்றது.

பக்கத்தில் மிங்-தாங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன?"

"தொடை," என்று முணுமுணுத்தான்.

அவள் கிள்ளிப் பார்த்தாள். நகம் பதிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் மறுபடி ஆடினான். மறுபடி தப்பினான்.

"இடுப்பு, யூ-சேன்."

அவள் குனிந்தாள். அவன் காதோடு சொன்னான்: "எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. செத்த மாதிரி நடிச்சா, கேமராவ நிறுத்துறதுக்கு முன்னாடி யாராவது நம்ம சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நாம கேமராவப் பாத்துச் சிரிச்சிட்டு எழுந்திருக்கணும். சாவு அதோட கழிஞ்சுது."

"உன்னைக் கூப்பிடலையா?"

"தலைக்கு மேல நிஜ விமானம் போச்சு. சத்தம் கெட்டுப்போச்சுன்னு கேமராவ நிறுத்திட்டு எல்லாரும் ஒலிக்காரன்கிட்ட ஓடிட்டாங்க. நான் பாட்டுக்கு எழுந்து சாப்பாட்டுப் பொட்டியத் தேடிப் போயிட்டேன்." சிரிக்கப் பார்த்தான். உதட்டில் ஒரு பக்கம்தான் நகர்ந்தது.

யூ-சேன் திரையைப் பார்த்து "மிங்-தாங்!" என்று கத்தினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. திரையில் இருந்தவன் அசையவில்லை.

"அணைச்சுத் தொலையேன்டி!" என்று ஹ்சின்-பெய்யிடம் பாய்ந்தாள்.

"வேணாம்," என்றான் மிங்-தாங். "அந்த முகத்தோடயே நின்னு போச்சுன்னா? ஜெயிச்சா நான் இறங்கி நடந்து வருவேன். கடைசிக் காட்சி அதான்."

அவள் அந்த ஆளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு விளையாட்டும் ஆடியதில்லை. இடது கை புருஷன் கையில், வலது கை கைப்பிடியில். பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் வெகுநேரம் கையை விட்டது போல உள்ளெல்லாம் மரத்துக் கிடந்தது.

அவனுக்குக் கதை மனப்பாடம். "இடது," என்றான். தள்ளினாள். "மேலே." தள்ளினாள். "சுடாதே, பொறு... இப்ப சுடு."

மேகம் பிளந்தது. எதிரி விமானம் ஒன்று எரிந்தது. கூட்டம் கை தட்டியது.

"வலது." குரல் நூலாக இளைத்திருந்தது.

"இன்னும் எவ்வளவு?"

"கிட்டத்துல வந்தாச்சு. கீழே."

தள்ளினாள்.

அடுத்த வளைவு வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"கிழவா?"

திரையில் அம்புக்குறி துடித்தது. அவளே ஒரு ஊகத்தில் இடப்பக்கம் தள்ளினாள்.

விமானம் தரையைத் தொட்டது.

ஓடுபாதை. ஏணி. இரண்டாம் விமானி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். வெயிலில் நின்று தலைக்கவசத்தைக் கழற்றினான்.

முடி நரைத்திருந்தது.

கன்னத்தில் மூன்று நாள் வெள்ளைத் தாடி. மணிக்கட்டில், இந்த வருஷம் எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு. சந்தைக் கூட்டத்தில் பெண்டாட்டியைத் தொலைத்தவன் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு நேராகப் பார்த்துச் சிரித்தான், முழு உதட்டோடு.

"ஜெயிச்சிட்டேன், பாரு," என்று யூ-சேன் திரும்பினாள்.

நாற்காலியில் அவன் தலை சாய்ந்திருந்தது. அவள் கையிலிருந்த கை கனத்துக் கிடந்தது. ஹ்சின்-பெய் அவன் மூக்கருகே விரலை வைத்தாள், கழுத்தைத் தொட்டாள், "ஆம்புலன்ஸ்! யாராவது போன் பண்ணுங்க!" என்று அலறினாள். கூட்டம் கலைந்து ஓடியது.

யூ-சேனுக்கு அழுகை வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் அங்கேயே வெயிலில் நின்றான். அவன் காலடியில் எழுத்துகள் வந்தன: மறுபடி பறக்கலாமா? பக்கத்தில் ஒன்பது. எட்டு.

பூஜ்யம் ஆனால் மிஷின் தானாக ஓடும். தானாக ஓடினால் எந்தக் காட்சியைப் போடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அத்தை, எழுந்திரிங்க, மாமாவப் பாருங்க," என்று ஹ்சின்-பெய் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள் யூ-சேன்.

மூன்று. இரண்டு.

பொத்தானை அழுத்தினாள். நரைத்த தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் ஏணியில் ஏறினான். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்து, "இடது," என்றான்.