சில்லென்று ஒரு தப்பு

மழைக்கு ஒதுங்கியவன் நேராக அவள் மேஜை முன்னால்தான் வந்து நின்றான். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர், அவள் அப்போதுதான் எழுதி முடித்த அட்டையில் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி நிக்கலாமே... மை கலையுது."

"சாரிங்க..." என்றவன் அட்டையைப் படித்தான். அப்புறம் நகரவே இல்லை.

அது ஒயின் மட்டுமே விற்கும் சின்னக் கடை. கடை அண்ணனுடையது, நாக்கு அவளுடையது. புதிதாக வரும் ஒவ்வொரு பாட்டிலையும் சுவைத்து, அலமாரியில் தொங்கவிட நாலு வரி எழுதுவாள். 'என் தங்கச்சி நாக்கு தப்பாது' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் பீற்றிக்கொள்வான்.

அன்றைய அட்டை இது: 'விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய சிவப்பு ஒயின். விலை குறைவு. ருசி அதைவிடக் குறைவு. கரியும் கசப்பும்தான் மிச்சம்.'

"குடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

"பின்னே, பாட்டிலோட கலரைப் பாத்தா எழுதுவாங்க? செஞ்சவருக்குப் பொறுமையே இல்ல. திராட்சையை விஸ்கியில தள்ளிவிட்டுட்டு ஓடிட்டார்."

"ஓடலைங்க... அது பீப்பாயில ஊறின தொண்ணூறு நாளும் பக்கத்துலயேதான் இருந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... கோபமே இல்லை அதில். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"என் முதல் ஒயின். வேற எந்தக் கடையும் வாங்கல, உங்க அண்ணன்தான் வாங்கினார். இன்னியிலேருந்து பத்து நாள்ல விக்கலைன்னா திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லிடுங்க."

மழை விடுவதற்குள் இறங்கி நடந்துவிட்டான்.

'வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்டி...' என்று மனசு குத்தியது. ஆனாலும் வீம்பாக அட்டையைத் தொங்கவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், மேஜையில் கிடந்த அதே பாட்டிலின் மிச்சத்தைச் சும்மா ஊற்றிப் பார்த்தாள். ஒரு வாய்... அப்படியே நின்றுவிட்டாள். கனிந்த பழம். பின்னாலேயே லேசாக வெனிலா. கடைசியில் தொண்டையில் இதமாக ஒரு விஸ்கிச் சூடு.

"அண்ணா, நேத்து இதை எங்கேருந்து எடுத்துக் குடுத்தே?"

"ஃப்ரிட்ஜிலேருந்து. வெள்ளை ஒயினோட சேத்து வச்சுட்டேன். ஏன்?"

சிவப்பு ஒயின் சில்லிட்டுப் போனால் பழம் ஒளிந்துகொள்ளும், மரத்தின் கசப்புதான் முன்னால் வந்து நிற்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரப் பாடம். நேற்றுக் காலை முழுக்க வெள்ளை ஒயினாகவே சுவைத்த வாய்க்கு, அந்தச் சில்லிப்பு உறைக்கவே இல்லை.

"சத்தமில்லாம அட்டையைக் கழட்டிடு. தப்புன்னு எழுதினா அப்புறம் எவன் உன் நாக்கை நம்புவான்?" என்றான் அண்ணன்.

கழற்றினாள். புதிதாக எழுதக் கை வரவில்லை. பாட்டில்கள் அப்படியே நின்றன. வாசல் மணி அடித்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்... யார் யாரோ வந்தார்கள்.

கடை நிறைய ஆட்கள் இருந்த ஒரு சாயங்காலம் அவன் வந்தான். நேராகப் போய், விற்காமல் கிடந்த தன் ஒயின் பெட்டி ஒன்றைத் தூக்கினான்.

"ஒரு நிமிஷம்..."

எல்லோரும் பார்க்க, அங்கேயே எழுதினாள். 'நான் முன்பு எழுதியது தப்பு. சிவப்பு ஒயினைச் சில்லென்று குடித்துவிட்டு எழுதினேன். குற்றம் என்னுடையது. இந்த விலைக்கு இவ்வளவு நல்ல ஒயினை இந்தக் கடையில் நான் குடித்ததில்லை.'

அலமாரியில் மாட்டினாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். யாரோ ஒருவர் கையை நீட்டி இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டார்.

அவன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். "உங்க நாக்கு தப்பாதுன்னு அண்ணன் சொன்னாரே..."

"தப்பிடுச்சு. ஒயின்ல மட்டும் இல்ல... உங்ககிட்ட பேசினதுலயும்." தரையைப் பார்த்தே சொன்னாள். "தினமும் மணி அடிச்சா நீங்களான்னு பாக்கறேன். மழை வந்தா இன்னும் ஜாஸ்தி. இதுக்கெல்லாம் அட்டை எழுதத் தெரியல எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

பயந்துபோய் நிமிர்ந்தாள். அவன் காது நுனி வரை சிவந்திருந்தான்.

"பீப்பாய் பக்கத்துல தொண்ணூறு நாள் உக்காந்தவன்ங்க நான்," என்றான் மெதுவாக. "பத்து நாள்னு கெடு சொன்னதும் நான்தான், அதுவரை பொறுக்க முடியாதவனும் நான்தான். இன்னிக்கு எத்தனாவது நாள்னு எண்ணிப் பாருங்க..."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது.