பெயர் இருந்த இடம்

மத்தியானத்துக்குள் தண்ணீர்ச் சால் காலியாகிவிட்டது.

யஸ்ஸா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மர முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த மண் சால் அவன் இடுப்பு உயரம் இருக்கும். காலையில் தண்ணீர்க்காரன் தோல்பையை இரண்டு தடவை கவிழ்த்து நிரப்பினால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மறுநாள் சாயங்காலம் வரை வரும். இன்று குவளையை உள்ளே விட்டால் அடியில் இடித்தது. விரிசல் இருக்குமோ என்று சுற்றித் தடவிப் பார்த்தான். எப்போதும் ஈரம் கசிந்து சில்லென்றிருக்கும் சாலின் வயிறு, வெயிலில் கிடந்த செங்கல் மாதிரி காய்ந்து வெதுவெதுவென்று இருந்தது. கீழே சொட்டு பிடிக்க வைத்த கிண்ணத்திலும் பொட்டு ஈரம் இல்லை.

“முஃபீதா, தண்ணிய எடுத்துத் துணி துவைச்சியா?”

“நோன்பு நாள்ல நாலு பயறு வேகவைக்கவே எனக்குத் தெம்பு இல்ல. துணி துவைக்கிறாங்களாம், துணி!” என்றாள் அவன் மனைவி உள்ளிருந்து.

ஆறு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. குரலில் பழைய நையாண்டிகூட எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் யஸ்ஸா சாலை மறந்துவிட்டான்.

பழைய ஏடுகளைப் பிரிப்பது அவன் தொழில். ஆயிரத்து அறுநூறு வருஷம் மணலுக்கடியில் கிடந்து சருகாகிப்போன, நாணல் நாரைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டிச் செய்த பாப்பிரஸ் ஏடுகள். இந்த நாட்டின் முதல் கிறிஸ்தவர்கள் நாணல் பேனாவால் எழுதிவைத்த சங்கீதங்கள், கடிதங்கள், ஜெபங்கள். அப்படியே தொட்டால் உதிர்ந்துவிடும். ஈர ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, தண்ணீரை அது மெல்லக் குடித்து இளகும் நேரம் பார்த்து, எலும்புக் கத்தியால் மடிப்பு மடிப்பாகப் பிரிக்க வேண்டும். நனைத்த ஏட்டைப் பாதியில் விட்டு எழுந்தால் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழாகிவிடும்.

போன அக்டோபரில் அவன் ஊரான மின்யாவில் காலரா பரவியபோது அவன் அப்படித்தான் ஒரு ஏட்டை நனைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான், கோயிலை ஒட்டிய வேலை அறையில். ஆறு வயது மகள் தெக்லாவுக்குக் காலையிலிருந்து வயிறு போகிறது என்று ஆள் வந்தது. தண்ணீர் கேட்கிறாள், ஆனால் அப்பா கையால்தான் குடிப்பேன் என்கிறாள். எப்போதுமே அவள் அப்படித்தான், கஷாயமானாலும் பாலானாலும் அப்பா கைதான் வேண்டும். “ஏடு ஈரமா இருக்கு, அரை மணி நேரத்துல வரேன்னு சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினான். அவன் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. பக்கத்தில் குவளை நிறைய தண்ணீர் இருந்தது.

சுகாதாரக்காரர்கள் அன்றே தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். செத்த மூன்றாம் நாள் குருவானவர் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வைத்து, சாம்பிராணி காட்டி, வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் உயிரைச் சமாதானமாக அனுப்பிவைக்க வேண்டும். பூட்டின வீட்டில் அதுவும் நடக்கவில்லை. பூட்டு திறந்த பிறகு குருவானவர் அபூனா பாகூம் சாம்பிராணியோடு வாசலில் வந்து நின்றார். “அவளைப் போன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அபூனா” என்று யஸ்ஸா கதவைச் சாத்திவிட்டான். அந்த வேலை அறைக்கும் அதற்குப் பிறகு அவன் போகவில்லை. ஏடுகள் வீட்டுக்கு வந்தன. முன்னறையில் மேஜை போட்டுக்கொண்டான்.

இப்போது மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஏடு பத்து நாளைக்கு முன்னால் வந்தது. கொண்டுவந்தவன் அவத். வயலுக்கு எருவாகப் போட, பழைய ஊர் புதைந்த மேட்டில் மண்ணைத் தோண்டும் குடியானவன். படித்தவர்களை ஐயா என்பதற்கு எஃபந்தி என்பான்.

“எஃபந்தி, இது ஒரு சின்னப் பொண்ணோட குழியில கிடைச்சுது. வாய் மேல வச்சுக் கட்டியிருந்தாங்க. பிச்சு எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.”

“அடியில ஒரு துண்டு புதுசாக் கிழிஞ்சிருக்கே. யார் கிழிச்சது?”

அவத் தலையைச் சொறிந்தான். “நான்தான். எருமை கன்னு போட்டிருக்கு, கண்ணு பட்டிரும்னு கழுத்துல தாயத்தாக் கட்டிட்டேன். முழுசாக் குடுத்தா மட்டும் எனக்குப் பெரிய பட்டமா குடுக்கப்போறீங்க?”

“நீ கட்டின தாயத்து ஏசுசாமி ஜெபம்டா. உன் எருமை ஞானஸ்நானம் கேக்கப்போகுது.”

“பால் கறந்தாச் சரி எஃபந்தி, எந்த மதமா இருந்தா என்ன!”

நனைத்தான், காத்திருந்தான், பிரித்தான். ஒரு தகப்பன் எழுதிய ஜெபம் அது. யவீருவின் செத்த மகளைக் கையைப் பிடித்து எழுப்பின ஆண்டவரே, என் மகளையும் எழுப்பும், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், தாகத்தின் வழியிலிருந்து திரும்பி வரட்டும். பெயர் வரவேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. அப்படி விட்டுப்போன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, நகலில் சதுர அடைப்புக்குள் எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது. யஸ்ஸா இருபது வருஷத்தில் ஒரு எழுத்தைக்கூடச் சும்மா எழுதியதில்லை. சால் காலியாவதற்கு முந்தின நாள், அடைப்புக்குள் தெக்லா என்று எழுதினான். இடம் சரியாகப் பொருந்தியது. நகலை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பதும் வழக்கம்தான். படித்தான், படித்துவிட்டு மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

அந்த ஓட்டையின் ஓரங்கள் நாலும் நேராக இருந்தன. பூச்சி அரித்தால் ஓரம் வளையும், மடிப்பில் முறிந்தால் நார் நாராகப் பிரியும். கத்தி வைத்தால்தான் இப்படி நேராக வரும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான். யஸ்ஸா கண்ணால் பார்த்தான், மனதுக்குள் விடவில்லை.

சால் காலியான மறுநாள், முந்தின நாள் நனைத்துப் போட்ட ஒற்றுத்தாள்கள் எலும்பாய்க் காய்ந்து சுருண்டுகிடந்தன. அதற்கடுத்த நாள் விளக்கில் எண்ணெய் இருந்தது, பூச்சட்டியில் மண் மட்டும் தூளாக உதிர்ந்தது. கம்சீன் காற்று ஆரம்பித்திருந்த நேரம், எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடலாம் என்று அவன் பார்த்தான். பாலைவனத்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் பகலே மஞ்சளடித்துப்போய், ஜன்னல் சந்தெல்லாம் சீழ்க்கையடிக்க, நாக்கில் எந்நேரமும் மண் நெறுநெறுக்க, வீடு முழுக்க நனைந்த ஏட்டின் வாசனை, குளத்தடி நாணலும் பழைய தூசியும் கலந்த அந்த வாசனை, மேஜையிலிருந்து வராமல் உள்ளறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. சத்தமும் அங்கேயிருந்துதான் வந்தது. காய்ந்த ஏட்டை மடித்தால் எழும் ‘சரக்’. இருபது வருஷமாக அவன் பயந்து பயந்து கேட்ட சத்தம், கேட்டால் ஒரு வரி போயிற்று என்று அர்த்தம். தெக்லாவின் கட்டில் கிடக்கும் அறையில் ஏடு எதுவும் இல்லை.

“தெக்லா அப்பா, சாப்பிட வாங்க.”

யஸ்ஸாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை போனதிலிருந்து முஃபீதா அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. எப்படியும் கூப்பிட்டதில்லை. இப்போது கையில் தகரக் குவளையோடு நின்று சிரித்தாள். அவள் உதட்டில் வெடிப்பு. வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

“யாருக்குத் தண்ணி?”

“யாருக்கா? நல்லாக் கேட்டீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. அவசர அவசரமாக, மூச்சு விடாமல், யாரோ குடித்தார்கள். அவன் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தபடி அதைக் கேட்டான். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்து, அங்கே யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவனுக்கு முதலில் வந்தது.

நாலாம் நாள் அவத் வந்தான். காற்று அவனை உள்ளே தள்ளியது. முகமெல்லாம் மண்.

“இந்தாங்க உங்க தாயத்து. எருமைக்கு மடி வத்திப்போச்சு எஃபந்தி. கன்னுக்குட்டி செத்துப்போச்சு. தூக்கினா கனமே இல்ல, வைக்கோல் அடைச்ச தோல் மாதிரி இருக்கு.”

விரல் அகலத் துண்டு. யஸ்ஸா அதை ஏட்டின் அடியில் சேர்த்து வைத்தான். நாரோடு நார் பொருந்தியது. அதே கையெழுத்து, ஆனால் கோணல்மாணலாக ஓடியது. வாய்விடாமல் படித்தான்.

‘கூப்பிட்டோம். வந்தாள். வந்தது அவள் அல்ல. குடிக்கிறாள், நிறையவில்லை. அவள் தாய் காய்ந்துபோனாள். பெயரை நானே வெட்டி எடுத்தேன், இந்த ஏட்டை அதன் வாயில் வைத்தேன். படிக்கிறவனே, இந்த இடத்தில் யார் பெயரையும் எழுதாதே.’

“என்ன போட்டிருக்கு எஃபந்தி?”

“அவத், ஓடு. கோயிலுக்குப் போய் அபூனா பாகூமைக் கூட்டிட்டு வா. மூணாம் நாள் ஜெபம் சொல்லணும்னு சொல்லு.”

“யாருக்கு? யார் செத்தது?”

“போடா!”

தனியானதும் நகலை எடுத்து வைத்துக்கொண்டான். சவர பிளேடு. அடைப்புக்குள் ஒரே ஒரு பெயர். வெட்டி எடுத்தால் போதும், அந்தத் தகப்பன் செய்ததுதான். பிளேடின் முனையைத் தாளில் வைத்தான்.

உள்ளே சரக் சரக் என்று கேட்டுக்கொண்டிருந்தது நின்றது.

“அப்பா.”

சின்னக் குரல்தான். தொண்டை காய்ந்த குரல். ஆனால் அவளுடைய குரல். ஆறு மாதமாகத் தூக்கத்தில்கூடக் கிடைக்காத குரல்.

“அப்பா, தண்ணி.”

கதவு திறந்து முஃபீதா வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அவன் மணிக்கட்டைப் பற்றினாள். கண்ணை மூடியிருந்தால் ஏடு என்றே நினைத்திருப்பான். புறங்கையில் குறுக்கும் நெடுக்குமாக வரி வரியாக நார்.

“வெட்டாதீங்க தெக்லா அப்பா.”

“அது அவ இல்ல முஃபீதா. எழுதியிருக்கு. இங்க பாரு, எழுதியிருக்கு.”

“எனக்குத் தெரியாதா?” என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் அவனைக் கதிகலங்க வைத்தது. “அவளா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? என் கையால குடிச்சது போதும்கிறா. உங்க கையாலதான் வேணுமாம். அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேக்கிறா.”

வாசல் கதவு தட்டப்பட்டது.

“யஸ்ஸா, நான் பாகூம் வந்திருக்கேன். கதவைத் திற மகனே. இந்தத் தடவை திருப்பி அனுப்பாத.”

பிளேடு அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு கீறல் போதும். அவளை இன்னொரு தடவை தாகத்தோடு அனுப்ப வேண்டும். இந்தத் தடவை தன் கையாலேயே அனுப்ப வேண்டும். அவனால் முடியாது. முடியவே முடியாது.

எழுந்தான். வாசலுக்குப் போனான். தாழ்ப்பாளைப் போட்டான்.

அடுப்படியில் பயறு வேகவைக்க மூடி வைத்திருந்த தண்ணீர் மட்டும் மிச்சம். குவளையில் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளறைக்குப் போனான்.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். கட்டில். போர்வைக்கு அடியில் சின்ன மேடு. தலையணையில் கறுப்பு முடி. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அவன் மண்டியிட்டான். முகம் திரும்பியது. பழுப்பு. வரி வரியாய். கண் இருக்கவேண்டிய இடங்களில் நாலு பக்கமும் நேராக வெட்டின ஓட்டைகள். உதடு மட்டும் அவள் உதடு. வெடித்த உதடு. அன்று பார்த்த அதே உதடு.

“வந்துட்டேன்மா” என்றான்.

குவளையை அந்த உதட்டில் வைத்தான். குடித்தாள். மடக் மடக்கென்று. அடி காலியானது. தகரத்தை நக்கும் சத்தம்.

பின்னால் முஃபீதா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சரக். அதற்கப்புறம் அங்கிருந்து சத்தமே வரவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் நின்றபடியே அபூனா ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். சமாதானத்தோடே போ என்ற இடத்தில் காற்று அவர் குரலைக் கொண்டுபோனது.

உதடு குவளையை விட்டது. தடவித் தடவி அவன் சுண்டுவிரலைக் கண்டுபிடித்துக் கவ்விக்கொண்டது. வலித்தது. பிறகு வலிக்கவில்லை. இன்னொரு கையால் அவள் தலையைக் கோதினான். முடி கொத்தாக உதிர்ந்து தூளானது. அவன் கோதுவதை நிறுத்தவில்லை.

“குடிம்மா” என்றான். “குடி. அப்பா எங்கேயும் போகல.”

சுண்டுவிரல் இரண்டாம் கணுவரை பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாக நார் தெரிந்தது. அவள் அதை விட்டுவிட்டு அடுத்த விரலுக்கு வந்தாள்.